ஆங்கில உரைநடையில் மறுப்புத் திறன்

ஒரு மொழியைக் கற்றவர் அம்மொழியில் நன்றி கூறுவதும் வாழ்த்துரைப்பதும் சிறிது பயிற்சியால் கைவரப்பெறும். பிறர் கூறிய கருத்தைத் தவறு என்று மறுத்து எழுதி, மறுக்கப்பட்டவரும் அதனைப் படித்து எண்ணிப் பார்க்குமாறு செய்வதே அரிது. தாய்மொழியிலேயே அரிதான இச்செயல், கற்ற மொழியில் பன்மடங்கு அரிதாகின்றது. மறுப்பில் சொல்லின் பொருளோடு, அச்சொல் சுமந்துவரும் வெப்பதட்பமும் எழுதுவோருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்க்கு இது வெறும் நடைப்பயிற்சி அன்று. சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியாக உள்ளது. மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் கல்வியைத் தொடங்கும் மாணவரும் உயர்கல்விக்கும் அலுவலுக்கும் ஆங்கிலத்தை நாடவேண்டியவராகவே உள்ளார். தேர்வறைக் கட்டுரையாயினும், அலுவலகத்துக்கு விடுக்கும் கடிதமாயினும், நாளிதழுக்கு எழுதும் மடலாயினும், மறுத்தே ஆகவேண்டிய கட்டம் ஒன்று வந்தே தீரும். அப்போது இருவகைத் தவறுகள் நேர்கின்றன. ஒருசாரார் அஞ்சி, பணிவுச் சொற்களுக்குள் மறுப்பையே புதைத்துவிடுகின்றனர். படிப்பவருக்கு எழுதியவர் உடன்படுகிறாரா மறுக்கிறாரா என்பதே விளங்குவதில்லை. மற்றொரு சாரார் 'வெட்கக்கேடு', 'அறிவீனம்' என்னும் பொருள்படும் சொற்களை அகராதியிலிருந்து தேர்ந்து அடுக்குகின்றனர். படிப்பவர் எழுதியவரின் சினத்தை அறிகிறாரேயன்றி அதன் காரணத்தை அறிவதில்லை. முதல் வகைக் கடிதத்திற்கு விடை வருவதில்லை. இரண்டாம் வகைக் கடிதத்திற்கும் விடை வருவதில்லை.

ஆங்கில உரைநடையின் சிறந்த மறுப்புகள் இவ்விரு வழியிலும் சென்றவை அல்ல. மறுக்கும் பொருளை இம்மியும் பிசகாமல் வரையறுப்பதும், எதிர்த்தரப்பை அத்தரப்பினரே ஒப்புமாறு எடுத்துரைப்பதும், ஒப்பத்தக்கதை ஒப்பிய பின்னரே மறுப்பதும் அவற்றின் வலிமைக்கு அடிப்படை. 1755 முதல் 1941 வரை எழுந்த சில ஆக்கங்களைக் கொண்டு இதனை ஆராயலாம்.

ஜான்சனின் மடல்

டாக்டர் சாமுவேல் ஜான்சன் 1747-இல் தம் ஆங்கில அகராதித் திட்டத்தைச் செஸ்டர்ஃபீல்டு பிரபுவை முன்னிலைப்படுத்தி வெளியிட்டார். பிரபு புரவலராக நின்று உதவுவார் என்பது எதிர்பார்ப்பு. ஆண்டுகள் கழிந்தன, உதவி வரவில்லை. அகராதி நிறைவெய்தி 1755 ஏப்ரலில் வெளிவர இருந்த வேளையில், பிரபு 1754-ஆம் ஆண்டின் இறுதியில் 'தி வோர்ல்டு' என்னும் இதழில் அதனைப் பாராட்டி இரண்டு கட்டுரைகள் எழுதினார். உழைப்பின்போது ஒதுங்கி நின்றவர், அறுவடையின்போது களத்துக்கு வந்தார். 1755 பிப்ரவரி 7-ஆம் நாளிட்டு ஜான்சன் அவருக்கு எழுதிய மடல் ஆங்கில மறுப்பிலக்கியத்தில் தனியிடம் பெற்றது.

அம்மடலில் வசைச்சொல் ஒன்றேனும் இல்லை. பெரியோரின் பாராட்டைப் பெற்றுப் பழக்கமில்லாத தமக்கு அதனை எவ்வாறு ஏற்பதென்று தெரியவில்லை என்னும் பணிவோடு மடல் தொடங்குகின்றது. அடுத்து வருவது கணக்கு: பிரபுவின் வாயிலில் காத்துநின்று ஏழாண்டுகள் கழிந்தன என்பது. அதன்பின் புரவலர் என்பவர் யார் என்று ஒரு வினா எழுப்பப்படுகின்றது. நீரில் தத்தளிப்பவனைக் கரையில் நின்று பார்த்திருந்து, அவன் கரையேறிய பின் உதவியைச் சுமத்துபவர்தாமோ என்பது அவ்வினாவின் கருத்து. விடையை ஜான்சன் கூறவில்லை, பிரபுவிடமே விட்டுவிடுகிறார். 1752-இல் மனைவியை இழந்தவர் அவர். பகிர்ந்துகொள்ள எவருமில்லாத தனிமையில் இப்பாராட்டு வந்தது என்று அவர் குறிப்பிடும் இடத்தில், சினம் துயரமாக மாறிப் படிப்பவரின் நெஞ்சைத் தொடுகின்றது. இறுதியில், அக்கால வழக்கப்படி, தாழ்மையும் பணிவும் மிக்க ஊழியன் என்று கையொப்பமிடுகிறார். எல்லாக் கடிதங்களிலும் பொருளற்றுக் கிடந்த அவ்வழக்குத் தொடர், இம்மடலில் மட்டும் கூர்மை பெற்றுவிட்டது. ஜான்சன் மரியாதையைக் கைவிடாமல், அதனையே கருவியாக்கினார்.

இதே காலத்தில் அவர் தம் அகராதியில் 'புரவலர்' என்னும் சொல்லுக்குப் பொருள் எழுதியபோது, அத்தகையோர் பெரும்பாலும் இழிந்தவர் என்னும் கருத்தையும் சேர்த்தார். அங்கே சினம் வெளிப்படையாக நிற்கின்றது. அகராதிப் பொருள் படிப்பவரை நகைக்க வைக்கின்றது. மடலோ நாண வைக்கின்றது. செஸ்டர்ஃபீல்டு அம்மடலைத் தம் மேசைமீது வைத்திருந்து, வந்தவர்க்கெல்லாம் காட்டி, அதன் கடுமையான இடங்களைச் சுட்டி வியந்தார் என்று ஜான்சனின் வரலாற்றை எழுதிய பாஸ்வெல் பதிவு செய்துள்ளார். வசைமாரியாக இருந்திருப்பின் அம்மடல் அடுப்புக்கு இரையாகியிருக்கும்.

எனினும் இம்மடலிலும் ஒரு குறை உண்டு. பிரபுவிடமிருந்து எவ்வுதவியும் பெறவில்லை என்று ஜான்சன் எழுதினார். ஆனால் ஒருமுறை பத்துப் பவுன் பெற்றதையும், அத்தகைய மடலில் குறிப்பிடத் தகாத சிறுதொகை என அதனைக் கருதியதையும் அவர் பின்னர்க் கூறியதாகப் பாஸ்வெல் நூலே தெரிவிக்கின்றது. சிறியதேயாயினும் பெற்றதைப் பெற்றதாகக் கூறியிருப்பின் மடலின் வலிமை குறைந்திருக்காது. ஏழாண்டுக்குப் பத்துப் பவுன் என்னும் கணக்கு அதனை இன்னும் கூர்மையாக்கியிருக்கும். ஒப்பத்தக்கதை ஒப்புதல் மறுப்புக்கு இழப்பன்று என்பதற்கு இக்குறையே சான்றாகின்றது.

ஒரே ஆசிரியர், இரு மறுப்புகள்

மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் இரு நூல்கள், மறுப்புநடை ஓர் எழுத்தாளரிடத்தில் எவ்வாறு முதிர்கின்றது என்பதைக் காட்டுவன. பிரெஞ்சுப் புரட்சியைக் கடிந்து எட்மண்ட் பர்க் எழுதிய நூல் 1790 நவம்பர் முதல் நாள் வெளிவந்தது. அம்மாதம் முடிவதற்குள்ளேயே வுல்ஸ்டன்கிராஃப்ட் மனித உரிமைகளை நிலைநாட்டும் மறுப்பு நூலொன்றைப் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்டார். பர்க்குக்கு எழுதும் மடல் வடிவில் அமைந்த அந்நூலின் வேகம் வியப்புக்குரியது. பரம்பரைச் சொத்தும் பட்டமும் மனிதனை எவ்வாறு கெடுக்கின்றன என்று அவர் காட்டும் இடங்கள் இன்றும் உயிரோடு நிற்கின்றன. ஆனால் விரைவில் எழுதப்பட்டதன் தழும்புகளும் அதில் உள்ளன. வாதத்தின் இழை அடிக்கடி அறுகின்றது. பர்க்கின் கருத்தை விட்டுப் பர்க்கின் நேர்மையையே ஐயுறும் இடங்கள் பல. எதிரியின் உள்நோக்கத்தை அளக்கப் புகுந்த மறுப்பு, அளக்க முடியாத ஒன்றில் காலை வைக்கின்றது. எதிரி 'என் உள்ளம் உமக்கெப்படித் தெரியும்' என்று ஒரே வினாவில் அதனைத் தள்ளிவிடலாம்.

1792-இல் அவர் பெண்ணுரிமை பற்றி எழுதிய நூல் வேறு வகையானது. பிரான்சில் தேசியக் கல்வித் திட்டம் வகுத்த தாலிரான், பெண்களுக்குப் போதிய இடம் அளிக்கவில்லை. அந்நூலைத் தாலிரானுக்கே காணிக்கையாக்கிய வுல்ஸ்டன்கிராஃப்ட், அவருடைய சிறுநூலை மகிழ்ச்சியோடு படித்ததாகக் கூறி, இக்கருத்தை மட்டும் மீண்டும் எண்ணிப் பார்க்குமாறு கேட்கிறார். உரிமை என்பது பகுத்தறிவின் அடிப்படையில் எழுவது என்று தாலிரானின் தரப்பே கொண்ட கொள்கையை எடுத்துக்கொண்டு, அப்பகுத்தறிவு பெண்ணுக்கில்லை என்று தீர்ப்பளித்தவர் யார் என்று வினவுகிறார். எதிரியின் அடித்தளத்தில் நின்றே எதிரியின் முடிவை அசைக்கும் முறை இது.

பெண்கல்வி பற்றி ரூசோ 'எமில்' நூலில் கூறிய கருத்துகளை மறுக்கும் இடத்திலும் இவ்வொழுங்கு புலனாகின்றது. ரூசோவின் பகுதிகளை நீளமாக எடுத்துத் தந்து, படிப்பவரும் அவற்றைப் படித்த பின்னரே தம் மறுப்பைத் தொடங்குகிறார். ரூசோவின் மேதைமையை அவர் மறைக்கவில்லை. இருப்பினும் அந்நூலின் சொற்கடுமை சிறிதும் குறைந்ததன்று. முன்னைய நூலில் சினம் வாதத்தை இழுத்துச் சென்றது. பின்னைய நூலில் வாதம் சினத்தைக் கட்டி நடத்துகின்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் ஈராண்டுக்கும் குறைவே.

வென்ற மறுப்பும் தோற்ற மறுப்பும்

நடைநயம் மட்டுமே மறுப்பின் தகுதியை உறுதி செய்வதில்லை. அதற்கு மெக்காலே 1835 பிப்ரவரி 2-ஆம் நாள் எழுதிய கல்விக் குறிப்பு தக்க சான்று. 1813-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் இந்தியக் கல்விக்கென ஒதுக்கிய தொகையைச் சமஸ்கிருத, அரபுக் கல்விக்குச் செலவிடுவதா, ஆங்கிலக் கல்விக்குச் செலவிடுவதா என்பது அன்றைய வழக்கு. கீழை மொழிகளின் சார்பினரை மறுத்து மெக்காலே எழுதிய குறிப்பின் நடை ஆற்றொழுக்குப் போன்றது. குறுகிய வாக்கியங்கள், ஒன்றையொன்று எதிர்நோக்கும் இணைத்தொடர்கள், எளிதில் மனத்தில் பதியும் எடுத்துக்காட்டுகள் ஆகியவை எல்லாம் அதில் உண்டு. ஆங்கிலம் கற்கும் மாணவர் நடைக்காக அதனைப் படிப்பதில் தவறில்லை.

ஆனால், சமஸ்கிருதமும் அரபும் தமக்குத் தெரியாது என்று அக்குறிப்பிலேயே அவர் ஒப்புக்கொள்கிறார். மொழிபெயர்ப்புகளையும் அம்மொழி வல்லாரோடு நிகழ்த்திய உரையாடல்களையும் கொண்டே மதிப்பிட்டதாகக் கூறுகிறார். அதற்கடுத்து, இந்தியாவும் அரபு நாடும் படைத்த இலக்கியம் முழுவதும் நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரேயோர் அடுக்குக்கு ஈடாகாது என்னும் தீர்ப்பு வருகின்றது. ஒப்புதலுக்கும் தீர்ப்புக்கும் இடையே ஒரு பெரும்பள்ளம் உள்ளது. அப்பள்ளத்தை ஓசைநயம் மூடிவிடுகின்றது. எதிர்த்தரப்பை அதன் வலிமையான வடிவில் எடுத்துரைக்க வேண்டுமாயின், முதலில் அதனை அறிந்திருத்தல் வேண்டும். அறியாததைத் தள்ளுவது மறுப்பாகாது, புறக்கணிப்பே ஆகும்.

அவ்வாண்டு மார்ச் 7-இல் ஆளுநர் பென்டிங்க் மெக்காலேயின் பக்கமே முடிவெடுத்தார். மெக்காலே வென்றார். வென்றது கொண்டு அதனைச் சிறந்த மறுப்பு என்று மாணவர் கருதிவிடலாகாது. ஆட்சியின் விருப்பமும் வாதத்தின் போக்கும் ஒரே திசையில் சென்றமையால் வாதத்தின் ஓட்டை அன்று சோதிக்கப்படாமற் போயிற்று.

இதற்கு நேர்மாறாக, தோற்ற மறுப்பொன்று காலத்தால் வென்றது. இரண்டாம் உலகப் போரின்போது, பகைவரோடு தொடர்புடையவர் என்று நம்புவதற்கு 'நியாயமான காரணம் இருந்தால்' ஒருவரை விசாரணையின்றிக் காவலில் வைக்கலாம் என்று பிரிட்டனில் ஒரு விதி இருந்தது. அவ்வாறு காவலில் வைக்கப்பட்ட லிவர்சிட்ஜ் என்பவர், உள்துறை அமைச்சர் ஆண்டர்சன் மீது வழக்குத் தொடர்ந்தார். 1941 நவம்பரில் பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் ஐவருள் நால்வர், காரணம் இருப்பதாக அமைச்சர் எண்ணினாலே போதும் என்று கொண்டனர். அட்கின் பிரபு ஒருவரே மாறுபட்டார்.

அவர் மறுப்பு தமிழாசிரியர்க்குப் பெரிதும் உவப்பளிக்கத்தக்கது. ஏனெனில் அது இலக்கணத்தின் மீது நிற்கின்றது. 'காரணம் இருத்தல்' என்பது வேறு, 'காரணம் இருப்பதாக எண்ணுதல்' என்பது வேறு என்பதே அவரது வாதத்தின் உயிர். பொதுச் சட்டத்திலும் பல சட்டங்களிலும் அத்தொடர் எங்கெங்கே எவ்வெப் பொருளில் ஆளப்பட்டுள்ளது என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, எங்குமே அது 'எண்ணுதல்' என்னும் பொருள் பெறவில்லை என்று நிறுவினார். கணுக்கால் முறிந்த ஒருவனையும், முறிந்ததாக எண்ணிக்கொள்ளும் ஒருவனையும் வேறுபடுத்தும் எளிய உவமை ஒன்றையும் கையாண்டார். இத்தனையும் சொன்ன பிறகே, சொல்லுக்குத் தான் விரும்பிய பொருளே பொருள் என்று சாதிக்கும் ஒரு குழந்தைக் கதைப் பாத்திரத்தை நினைவூட்டினார்; ஆட்சியினரைவிட ஆட்சிச் சார்பு மிகுந்தவராக நீதிபதிகள் ஆகிவிடலாகாது என்றும் கடிந்தார். அக்கடுமை உடனிருந்த நீதிபதிகளைப் புண்படுத்தியது. அவர்களுள் ஒருவரான மாம் பிரபு 'தி டைம்ஸ்' நாளிதழுக்கே கடிதம் எழுதி வருத்தம் தெரிவித்தார். ஆயினும் சுடுசொல்லை நீக்கிவிட்டுப் படித்தாலும் அட்கினின் வாதம் குறைவின்றி நிற்கும். அதுவே உரைகல். 1979-இல் பிரபுக்கள் அவையில் டிப்ளாக் பிரபு, அன்றைய பெரும்பான்மையினர் தவறிழைத்தனர் என்று ஒப்புக்கொள்ளும் காலம் வந்துவிட்டது என உரைத்தார்.

தாகூரும் காந்தியடிகளும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பெறாதவரும் அம்மொழியில் கடும் மறுப்பைச் செம்மையாக எழுதியுள்ளனர். மலேசிய, சிங்கப்பூர் மாணவர்க்கு இவ்வெடுத்துக்காட்டுகளே மிகவும் நெருக்கமானவை.

1919 ஏப்ரல் 13-இல் ஜாலியன்வாலாபாகில் நிகழ்ந்த படுகொலையைத் தொடர்ந்து, அவ்வாண்டு மே இறுதியில் இரவீந்திரநாத் தாகூர், 1915-இல் தமக்கு வழங்கப்பட்ட 'சர்' பட்டத்தைத் துறந்து அரசப் பிரதிநிதி செம்ஸ்ஃபோர்டு பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். கொலையுண்டவர் நூற்றுக்கணக்கினர். நாடே குமுறிக்கொண்டிருந்தது. அந்நிலையிலும் கடிதத்தின் குரல் உயரவில்லை. தண்டனையின் கடுமை குற்றத்தின் அளவுக்கு ஒவ்வாதது என்னும் அளவுகோலை முதலில் நாட்டுகிறார். தம் நாட்டு மக்கள் இழிவுபடுத்தப்படும் சூழலில், சிறப்பின் சின்னங்கள் நாணத்தையே மிகுவிக்கின்றன என்று காரணம் காட்டுகிறார். பட்டத்திலிருந்து தம்மை விடுவிக்குமாறு உரிய மதிப்போடும் வருத்தத்தோடும் வேண்டுகிறார். முன்னிருந்த அரசப் பிரதிநிதியின் கையால் அப்பட்டத்தைப் பெற்றதையும், அவருடைய உள்ளப் பெருமையை இன்றும் மதிப்பதையும் குறிப்பிட அவர் தவறவில்லை. அவ்வொரு பாராட்டு, யாரைப் பாராட்டவில்லை என்பதைச் சொல்லாமற் சொல்கின்றது. தாகூர் இங்கே வினைக்கு வன்மை தந்து சொல்லை அடக்கினார். பட்டத்தைத் திருப்பித் தருவதே போதிய கடுமையாக இருக்கும்போது, உரிச்சொற்கள் அதனைக் குறைத்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பகைவரை மறுப்பதினும் நண்பரை மறுப்பது கடினம். 1934 ஜனவரி 15-இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. அப்போது தென்னாட்டில் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில் இருந்த காந்தியடிகள், ஜனவரி 24-இல் திருநெல்வேலியில் பேசுகையில், அந்நடுக்கம் தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை என்னும் நம்பிக்கையை வெளியிட்டார். தாகூர் அதனை மறுத்து ஓர் அறிக்கை எழுதினார். தீண்டாமை கொடிது என்பதில் இருவரும் ஒருமனத்தினர். மறுப்பு அங்கே செல்லவில்லை. இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கையே காரணம். அதனை அறத்தோடு பிணைப்பது மக்களிடம் உள்ள பகுத்தறிவின்மைக்கு வலுவூட்டும் என்பது மட்டுமே மறுப்பின் எல்லை. மக்களை அச்சத்திலிருந்து விடுவித்த அடிகளுக்கு நாடு கடன்பட்டிருப்பதைக் கூறியே தாகூர் தம் வருத்தத்தைத் தெரிவித்தார்.

காந்தியடிகள் அவ்வறிக்கையை மறைக்கவுமில்லை, சுருக்கவுமில்லை. தம் 'ஹரிஜன்' இதழில் 1934 பிப்ரவரி 16-இல் அதனை வெளியிட்டு, அதனோடு தம் மறுமொழியையும் வெளியிட்டார். தம் நம்பிக்கையிலிருந்து அவர் இறங்கவில்லை. தாகூரும் தம் நிலையிலிருந்து மாறவில்லை. ஆனால் படித்தவர் இரு தரப்பையும் ஒரே இடத்தில் காண முடிந்தது. வாதத்தின் பொருளை நோக்கத் தாகூரின் பக்கமே வலியது என்பதில் ஐயமில்லை. எனினும் தம்மை மறுத்த எழுத்துக்குத் தம் இதழிலேயே இடமளித்த செயலில் காந்தியடிகள் மறுப்பிலக்கியத்துக்கு வழங்கிய கொடை சிறிதன்று.

தமிழ் மரபின் சான்று

இத்தகைய ஒழுங்கு ஆங்கிலத்துக்கே உரியது என்று கருதுவது பிழை. நூலாசிரியன் மேற்கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என வகுத்த நன்னூல், பிறர் கொள்கைக்கு உடன்படுதலையும் அதனை மறுத்தலையும் தனித்தனியே கூறுவதோடு, பிறர் கொள்கையை முதலில் ஏற்று நின்று பின்னர்க் களைவதையும் ஒரு மதமாக வைத்தது. வுல்ஸ்டன்கிராஃப்ட் தாலிரானிடம் கையாண்டது இதனோடு ஒத்த முறையே. உரையாசிரியர்கள் 'என்பாரும் உளர்' என்று பிறர் கருத்தை அதன் உருக்குலையாமல் முன்வைத்து, காரணங்காட்டிய பின்னரே அது பொருந்தாமையைக் கூறினர். சொல்லதிகாரத்துக்கு உரை வகுத்த சேனாவரையர் இளம்பூரணரைப் பலவிடங்களில் மறுப்பினும், 'உரையாசிரியர்' என்னும் பொதுச்சிறப்புப் பெயராலேயே அவரைச் சுட்டுகிறார். மறுக்கப்பட்டவரின் பெருமையை மறுத்தவரே காத்து நின்றார்.

இம்மரபுக்கு மறுபக்கமும் உண்டு. சிவஞான முனிவர் இலக்கண விளக்கத்தை மறுத்து எழுதிய நூலுக்குச் 'சூறாவளி' என்றே பெயர் அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அருட்பா, மருட்பாப் போரில் எழுந்த கண்டன நூல்கள் பலவற்றில் கருத்து பின்தள்ளப்பட்டு ஆள் முன்வைக்கப்பட்டார். ஆகவே, வசை தமிழின் இயல்பு என்றோ, அடக்கம் ஆங்கிலத்தின் இயல்பு என்றோ பிரித்துக் கூறுவதற்கில்லை. இரு மொழியிலும் இரு வழியும் உள்ளன. எவ்வழியைத் தேர்வது என்பதே எழுதுவோர் பொறுப்பு.

வகுப்பறையில் கருதத்தக்கவை

இரு மொழிகளுக்கும் இடையே உள்ள ஓர் அமைப்பு வேறுபாட்டை ஆசிரியர் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். தமிழில் மதிப்பு வினைமுற்றிலேயே அமைந்துள்ளது. 'ஐயா கூறினீர்கள்', 'தலைவர் கருதுகிறார்' என்னும்போது விகுதியே வணக்கம் செலுத்திவிடுகின்றது. அதன்பின் 'அது தவறு' என்று நேராகக் கூறினும் அவமதிப்பாகத் தோன்றுவதில்லை. ஆங்கில வினைமுற்றுக்கு அவ்வாற்றல் இல்லை. ஆகவே அதே வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கும்போது மதிப்பு உதிர்ந்து, குற்றச்சாட்டு மட்டும் எஞ்சுகின்றது. தமிழ் விகுதி செய்த வேலையை ஆங்கிலத்தில் வாக்கிய அமைப்பே செய்ய வேண்டியுள்ளது. 'தோன்றுகின்றது', 'இருத்தல் கூடும்', 'இவ்வளவு வரை உண்மையே. ஆயினும்' என்னும் பொருள்படும் அமைப்புகள் இதன்பொருட்டே அங்கு மிகுதியாக வழங்குகின்றன. இவை கோழைத்தனத்தின் அடையாளங்கள் அல்ல. எவ்வளவு உறுதியோடு சொல்கிறோம் என்பதை அளந்துகாட்டும் கோல்கள்.

இவ்வழக்கை எழுதக் கற்பது போலவே படிக்கவும் கற்றல் வேண்டும். ஆங்கில நீதிமன்ற மரபில் வழக்குரைஞர் 'மதிப்புடன்' என்றால் மாறுபடுகிறார் என்று பொருள்; 'பெருமதிப்புடன்' என்றால் கடுமையாக மாறுபடுகிறார்; மதிப்பு மேலும் மிகுந்தால் மறுப்பும் அவ்வளவு மிகுந்தது. அலுவலகக் கடிதத்தில் 'வியப்படைகிறோம்' என்னும் சொல் பாராட்டன்று, முறையீடு. இதனை அறியாத தமிழ் மாணவர், தமக்கு வந்த கடும் மறுப்பையே பாராட்டாக எடுத்துக்கொள்ளவும் கூடும்.

பயிற்சியின் வரிசை எளிது. முதலாவதாக, மறுக்க எடுத்துக்கொண்ட கருத்தை, அதனைக் கூறியவரே 'ஆம், இதுதான் என் கருத்து' என்று ஒப்புமாறு மாணவர் நான்கு வரியில் எழுதுதல் வேண்டும். அடுத்து, அதில் ஒப்பத்தக்கது எது என்று ஒரு வரி. அதன்பின், மாறுபடும் புள்ளி ஒன்றே ஒன்று. அதற்குரிய சான்று. இறுதியில், எழுதியதைத் திரும்பப் படித்து, உரிச்சொற்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தல். நீக்கிய பின்னும் வாதம் நிற்குமானால் அது நல்ல மறுப்பு. விழுமானால், அதுவரை அதனைத் தாங்கி நின்றது சினமே என்பது தெளிவு. பணிவுச் சொற்களுக்கும் இதே சோதனை பொருந்தும்: அவற்றை நீக்கியபின் மறுப்பு எதுவுமே எஞ்சவில்லையாயின், எழுதியவர் மறுக்கவேயில்லை.

இப்பயிற்சியின் பயன் ஆங்கிலப் பாடத்தோடு முடிவதன்று. இந்நாடுகளின் தமிழ் எழுத்துலகம் சிறியது. எழுதுவோரும் மதிப்பிடுவோரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர். ஒரே மேடையில் அமர்பவர். அதனால் நூல் மதிப்புரை பெரும்பாலும் வாழ்த்துரையாகவே முடிகின்றது. வாழ்த்தாதபோது அது பகையாகக் கொள்ளப்படுகின்றது. இரண்டுக்கும் இடையில், ஒரு நூலின் சிறப்பை ஒப்பி, அதன் குறையை வரையறுத்துச் சான்றோடு கூறும் எழுத்து குறைவாகவே உள்ளது. அவ்வெழுத்து பெருகாத வரையில் படைப்பாளிக்குத் தம் குறை தெரிய வழியில்லை. அடுத்த நூலும் முன்னைய நூலின் குறையோடே பிறக்கும். மறுப்பைப் பகையிலிருந்து பிரித்தறியும் மாணவர் தலைமுறை ஒன்று உருவாகுமானால், அவர்கள் எழுதும் ஆங்கிலக் கடிதங்களுக்கு விடை கிடைக்கும். அவர்கள் எழுதும் தமிழ் மதிப்புரைகளால் நூல்கள் திருந்தும்.